ரொக்காமொரேனாவில் நான் குடியிருப்பதாகச் சொல்லப்படுவது பற்றி

அனுப்புநர்
ரோஸ்விதா கெட்லர், வயது 62,
நகராட்சி நீச்சல் குளத்தின் முன்னாள் பயிற்சியாளர்,
ஆலைத் தெரு, வீசன்ப்ரூக், ஜெர்மனி.
(இதை எழுதும்போது இருப்பது: ரொக்காமொரேனா, இத்தாலி)

பெறுநர்
உயர்திரு நகராட்சித் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், வீசன்ப்ரூக்.

பொருள்: ஊரைவிட்டுக் குடிபெயர்ந்ததாக என் பெயர் நீக்கப்பட்டது – சகோதர ஊரில் நேர்ந்த ஒரு மரணம் – பனி விழுந்து பாதை அடைபடுமுன் ஆட்களை அனுப்பக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்களை எட்டு வயதுச் சிறுமியாக முதன்முதலில் தண்ணீரில் இறக்கிவிட்டவள் நான். இதைச் சலுகை கேட்டு எழுதவில்லை. நான் யார் என்று நிரூபிக்க இப்போது என்னிடம் இதைவிட நல்ல சான்று இல்லை. ஆழமான பக்கத்துக்கு வரமாட்டேன் என்று தாங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுததும், நான் கீழே நின்று கை நீட்டியதும் தங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த ரோஸ்விதாதான் எழுதுகிறேன்.

1. நம் ஊர் நுழைவில் உள்ள பலகையில், நம்மோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்ட நான்கு சகோதர ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவற்றைப் படித்தே என் காலம் போயிற்று. அந்த ஊர்களுக்குப் போய்வந்தவர் என்று ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. எனவே ஓய்வு பெற்றதும், என் ஸ்கூட்டரிலேயே நான்கையும் பார்த்துவிட்டு வருவதென்று முடிவு செய்தேன். அடுத்த வீட்டு ஹில்ட்ரூட், "அந்தச் சுண்டெலி வண்டியிலயா மலை ஏறப் போறே? அது நம்ம சந்தை மேட்டுக்கே மூச்சு வாங்குமே!" என்று சிரித்தாள். தாங்கள் மே மாதத்தில் அலுவலக வாசலில் நின்று வாழ்த்திதழும், அந்த ஊர்களுக்குக் கொடுக்க நம் ஊர் முத்திரை பதித்த நான்கு தகடுகளும் தந்து வழியனுப்பினீர்கள். பத்திரிகைக்காரர் வந்து படமும் எடுத்தார்.

2. போலந்தில் ஸ்டாரி ப்ரோடிலும், ஹங்கேரியில் கிஷ்மேசோவிலும் எனக்கு எந்தக் குறையும் நேரவில்லை. முதல் ஊரில் தீயணைப்புக் குழுவினர் பேண்டு வாசித்து வரவேற்றார்கள். இரண்டாவது ஊரில் என் வண்டியின் காற்று வடிகட்டியில் புகுந்த மணலை ஒரு பள்ளி ஆசிரியர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து சுத்தம் செய்தார். இவற்றைத் தனி அறிக்கையாகத் தருவதாக இருந்தேன். அது இனி எப்போது முடியும் என்று தெரியவில்லை.

3. மூன்றாவது ஊர் இந்த ரொக்காமொரேனா. ஜூன் கடைசியில் வந்தேன். மலையடிவாரத்தில் பெட்ரோல் போட்டவர், "மேல எதுக்கு? அங்க யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

நான் ஊருக்குள் நுழைந்தபோது பிற்பகல். தெருவின் இருபுறமும் கொடிகட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். குழந்தைகளின் காலுறைகள், வேலைக்குப் போகும் ஆண்களின் முழு உடுப்புகள், ஒரு பெரிய பெண்ணின் இரவு அங்கி. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடைத்த ஜன்னல்களுக்குப் பின்னால் வானொலி கேட்டது. எல்லா வீட்டிலும் ஒரே நிலையம். அதே பாட்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்னோடு கூடவே வந்தது. ஆனால் எங்கும் சமையல் வாசனை இல்லை.

இடம் புதிதானால் முதலில் தலைகளை எண்ணுவது என் தொழில் தந்த வழக்கம். தண்ணீரில் இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை என்று எண்ணி எண்ணியே நான் வேலை பார்த்தேன். அன்றும் எண்ணத் தொடங்கினேன். எண்ணுவதற்கு ஒரு தலையும் கிடைக்கவில்லை.

4. சதுக்கத்தில் இருவர் நின்றிருந்தனர். மேயருக்குரிய மூவண்ணப் பட்டையை மார்பில் அணிந்திருந்தவர் ஜெசுவால்தோ த்ரிமார்க்கி. பக்கத்தில் நின்றவர் அவருடைய தங்கை எர்சிலியா. இருவருமே இளமையில் ஜெர்மனியில் வேலை செய்தவர்கள். அண்ணன் கார் ஆலையில், தங்கை ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில். அதனால் பேசுவதில் சிரமம் இருக்கவில்லை.

"வாங்க, வாங்க! வீசன்ப்ரூக்காரங்க லேட்டானாலும் வந்துடுவாங்கன்னு இவகிட்ட சொல்லிட்டே இருப்பேன்" என்றார் அவர்.

"சொல்லிட்டே மட்டும்தான் இருப்பாரு. வருஷா வருஷம் மெத்தையை வெயில்ல போடுறது யாரு? இந்தக் கைதான்" என்றார் தங்கை.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "உள்ளதான் இருக்காங்க சிஞோரா. வெயில் தாழட்டும்" என்றார் ஜெசுவால்தோ.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். என்னையும் அழைத்துப் போனார்கள். வீடு வீடாகத் திறந்து விளக்கைப் போட்டார் அண்ணன். வாசலில் நின்று உள்நோக்கிப் பேசினார் தங்கை. "கொன்செட்டா, ஜன்னலைச் சாத்திக்கோ, காத்து திரும்புது." "உன் புருஷன் ரொக்கோவுக்கு இருமல் எப்படி இருக்கு?" ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு தலையசைத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். வீடுகளுக்குள் ஒருவரும் இல்லை.

ஜெசுவால்தோ எனக்கு இதை மறைக்கவில்லை. "ஆள் எண்ணிக்கை குறைஞ்சா நம்மள கீழ இருக்கிற ஊரோட சேர்த்துடுவாங்க. சேர்த்தா முதல்ல கரண்ட் போகும், அப்புறம் தண்ணி போகும், அப்புறம் எங்களை முதியோர் இல்லத்துல கொண்டு போடுவாங்க. அதனால இங்கேருந்து யாரும் போகல. புரியுதா? செத்தவங்களும் போகல, மிலானுக்குப் போனவங்களும் போகல. ஒருத்தரும் போகல" என்றார்.

5. வாசலில் 'வீசன்ப்ரூக்' என்று ஓட்டில் எழுதிப் பதித்த ஒரு வீடு நமக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. படுக்கை விரித்திருந்தது. கட்டிலுக்கடியில் ஒரு ஜோடிச் செருப்பு. அது என் காலுக்குச் சரியாக இருந்தது. அதில் தங்கினேன். எர்சிலியா பயறு போட்ட பாஸ்தாவில் காய்ந்த மிளகாயைப் பொரித்து நொறுக்கிப் போட்டுத் தருவார். ஜெசுவால்தோ ஆலையில் தன் மேலாளராக இருந்தவரைப் போல் நடந்து காட்டுவார். நான் பல வருடங்களாக அப்படிச் சிரித்ததில்லை என்பதையும் இம்மனுவில் ஒப்புக்கொள்கிறேன்.

கிளம்பும்போது எர்சிலியா, "ஏதாவது ஒண்ணு விட்டுட்டுப் போங்க. போற எல்லாரும் அப்படித்தான்" என்றார். ஓரம் கிழிந்த என் மஞ்சள் மழைக்கோட்டைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். அது எனக்குச் சற்று ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் வண்டி கிளம்பி முதல் வளைவு திரும்பியதும் மறந்துவிட்டேன்.

6. நான்காவது ஊர் ஃப்ரான்ஸில் செயிண்ட் ஆர்வேல். அங்கே சகோதர ஊர்க் குழுவின் தலைவர் அர்மெல் கிவார்ஷ் என்னைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார். "அட, நீங்களா! இத்தாலியிலயே வீடு பிடிச்சு உக்காந்துட்டீங்கன்னு போட்டோ வந்திருக்கே! அப்போ அங்க இருக்கிறது யாரு, இங்க நிக்கிறது யாரு?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படத்தைக் காட்டினார்கள். ரொக்காமொரேனாவின் தெரு, கொடியில் என் மழைக்கோட்டு. காற்று உள்ளே புகுந்து கைகள் இரண்டும் உப்பி, தோள் நிமிர்ந்து நின்றது. முகம் மட்டும் இல்லை.

7. ஆகஸ்டில் வீட்டுக்குத் திரும்பினேன். மருந்துக் கடையில் என் காப்பீட்டு அட்டை செல்லாது என்றார்கள். நகராட்சியில் விசாரித்தேன். பதிவுப் பிரிவில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "நீங்க குடிபெயர்ந்துட்டீங்கன்னு அந்த ஊர் மேயரே எழுதியிருக்காரே. நாங்க பேரை எடுத்துட்டோம்."

"நான் உங்க எதிர்ல நிக்கிறேன்."

"நிக்கலாம் மேடம். சுற்றிப் பார்க்க வந்திருக்கலாம் இல்லையா?"

இதற்காக அவரைக் கண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கும் நான்தான் நீச்சல் சொல்லிக் கொடுத்தேன். அதைச் சொன்னபோது அவர் என்னை உற்றுப் பார்த்து, "அந்த டீச்சர் உங்களை மாதிரிதான் இருப்பாங்க" என்றார்.

8. செப்டம்பரில் நம் தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த வெண்டலின் ரூப்பும் அவர் மனைவி இர்மெலாவும் விடுமுறைக்கு ரொக்காமொரேனா பக்கம் வந்தார்கள். திரும்பியதும் இர்மெலா ரொட்டிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன ரோஸ்விதா, அவ்வளவு பெருமையா உனக்கு? மஞ்சக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஜன்னல்ல நின்னு கையாட்டினே. கூப்பிட்டுக்கிட்டே மேல வந்தோம், கதவையே திறக்கலையே!"

நான் செப்டம்பர் முழுவதும் ஊரைவிட்டு நகரவில்லை என்றேன். கடைக்காரப் பெண்ணும் ஆமாம், தினமும் ரொட்டி வாங்க வந்தார் என்று சொன்னாள். இர்மெலா வாங்கிய ரொட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அதன்பின் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போகிறார்.

சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்து காபி போட்டுக் குடிக்கிற ஹில்ட்ரூட், ஒரு நாள் அழைப்பு மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "நீ... எப்ப வந்தே?" என்று கேட்டாள். நாற்பது வருடச் சிநேகிதி. அன்று நான் என் வீட்டுக்குள் நடமாடும்போதே காலடிச் சத்தம் எழுப்பாமல் நடப்பதைக் கவனித்தேன்.

ஜன்னலில் நின்றது எர்சிலியாதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உறக்கம் வரவில்லை. நேரில் போய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்காக அக்டோபரில் மறுபடி ஸ்கூட்டரைக் கிளப்பினேன். இம்முறை எங்கும் சுற்றாமல் நேராக வந்தேன்.

9. எர்சிலியா என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சதுக்கத்தில் நின்றார். தனியாக. என்னைக் கண்டு வியப்படையவில்லை. "சூப் ஆறிடும், வா" என்றார். மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. அண்ணன் எங்கே என்றேன். "குளத்தைப் பாத்துட்டு வர்றேன்னு போனாரு. மதகுல இலை அடைச்சிருக்காம்."

"எப்ப போனாரு?"

"போன வாரம்" என்று சொல்லி, மூன்றாவது தட்டிலும் சூப்பை ஊற்றினார்.

10. ஊருக்கு மேலே, பழைய தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சிய குளம் ஒன்று உண்டு. குடிநீர்க் குளம் அல்ல. மறுநாள் காலையில் அங்கே போனேன். அவருடைய தொப்பி மதகின் மேல் ஒரு கல்லை வைத்து அழுத்தப்பட்டிருந்தது, காற்றில் பறக்காமல் இருக்க. நான் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சை அடைக்கும் குளிர். மூன்றாம் முறை மூழ்கியபோது அவர் கை என் கையில் பட்டது. கண்ட நிலையை எழுதப்போவதில்லை. அவரைக் கரைசேர்த்தேன் என்பது போதும். இத்தனை காலம் குளத்தில் நின்று ஒருவரையும் இழக்காதவள் நான். அன்று கரையில் உட்கார்ந்து ஈர உடையோடு அழுதேன்.

எர்சிலியா அழவில்லை. அண்ணனின் முகத்தைத் துடைத்தார், தலை வாரினார். தள்ளுவண்டியில் வைத்து இருவருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனோம். குடும்பக் கல்லறையில் வைத்தோம். உரிய அனுமதி இல்லாமல் அடக்கம் செய்தது சட்டப்படி தவறு என்று அறிவேன். அதற்கான விசாரணை எதுவானாலும் என்மேல் இருக்கட்டும்.

அன்று மாலையே எர்சிலியா அண்ணனின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டார். விளக்கேற்றும் நேரத்தில் அவர் அறை வாசலில் நின்று, "கால் ஈரமா இருந்தா துடைச்சுட்டுப் படு" என்றார். பதிலுக்கான நேரம் நின்றார். தலையசைத்தார்.

11. கீழே உள்ள அலுவலகத்துக்கு உடனே தெரிவித்திருக்க வேண்டாமா என்று தாங்கள் கேட்கலாம். தெரிவிக்கத்தான் போனை எடுத்தேன். எர்சிலியா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா என்னை இன்னைக்கே ஏத்திட்டுப் போயிடுவாங்க. இவங்களை யாரு பாத்துப்பா?" என்று, தெருவைப் பார்த்துக் கேட்டார். போனை வைத்துவிட்டேன். மேயர் இறந்துபோன ஊரில் மேயரின் மரணத்தை யாரிடம் பதிவு செய்வது என்பதும் எனக்குத் தெரியவில்லை. சகோதர ஊர் என்ற முறையில் தங்களுக்கு எழுதுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

இரண்டு நாளில் கிளம்புவதாகத்தான் இருந்தேன். சாவிக்கொத்து கனமாக இருந்ததால் அவருக்காக அதைச் சுமந்தேன். பிறகு தெருவின் ஒரு பக்க வீடுகளுக்கு நானே விளக்குப் போடத் தொடங்கினேன். அப்படியே நவம்பர் வந்துவிட்டது.

12. அடுத்து எழுதுவதைத் தாங்கள் நம்ப வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. ஒரு மாலை விளக்குகளைப் போட்டு முடித்துச் சதுக்கத்துக்கு வந்தோம். வழக்கப்படி, எங்கள் இருவரையும் சேர்த்துத் தலைகளை எண்ணினேன். மூன்று வந்தது. என் தொழிலில், கணக்கு தவறினால் உடனே மறுபடி எண்ண வேண்டும். எண்ணினேன். மூன்று. மூன்றாமவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கக் கண்ணை நிறுத்தினால் இரண்டுதான். எண்ணிக்கொண்டே போனால் மூன்று. எர்சிலியாவிடம் சொன்னேன். "மூணுதானா?" என்றார் அவர். என் கணக்கில் குறையிருப்பதுபோல.

ஆயினும் இம்மனுவை எழுத உட்கார்ந்தது அதனால் அல்ல. சென்ற செவ்வாயன்று மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு வீட்டுக்குப் போன் வந்தது. பக்கத்தில் இருந்ததால் எடுத்தேன். "யார் பேசறது?" என்றார்கள். நான் சற்றும் தயங்காமல், "கொன்செட்டா" என்றேன். இத்தனை வாரங்களில் இந்த ஊர்ப் பேச்சு எனக்குக் கொஞ்சம் வந்திருக்கிறது. ஆனால் அன்று தடங்கலில்லாமல் வந்தது. இருமல் உள்ள கணவனைப் பற்றி அவர்கள் விசாரித்தார்கள்; முன்பு எர்சிலியா கொன்செட்டாவாகப் பேசிச் சொல்லியிருப்பார். பரவாயில்லை, இப்போது தேவலை என்றேன். போனை வைத்த பிறகு கொன்செட்டாவின் சமையலறையில் நெடுநேரம் நின்றேன். என் பெயர் என்ன என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பதில் வந்தது. ஆனால் உடனே வரவில்லை.

13. எர்சிலியாவிடம் அன்றே பேசினேன். இந்தக் குளிர்காலத்தை நீ இங்கே தனியாகத் தாண்ட முடியாது, நானும் இருக்க முடியாது, வீசன்ப்ரூக்குக்கு வா என்றேன். முதலில் கோபித்தார். "கடைசியில நீயும் என்னை இல்லத்துல போடத்தான் வந்தியா?" என்று கத்தினார். மறுநாள் துணி உலர்த்தும்போது முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "உங்க ஊரே கூப்பிட்டா வர்றேன். விருந்தாளியா. நோயாளியா இல்ல. வசந்தத்துல கொண்டு வந்து விட்டுடணும்."

ஆகவே நான் பணிந்து வேண்டுவது யாதெனில்:

ஜெசுவால்தோ த்ரிமார்க்கியின் மரணத்தை முறைப்படி உரிய இடத்துக்குத் தாங்கள் தெரிவிக்க வேண்டும். எர்சிலியா அவர்கள் நம்மோடு வந்தபிறகு தெரிவித்தால் நல்லது.

எர்சிலியா த்ரிமார்க்கிக்கு நம் ஊரின் பெயரால் அழைப்பு விடுக்க வேண்டும். தபாலில் வேண்டாம். இரண்டு மூன்று பேர் நேரில் வந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அழைத்துப்போக வந்தோம் என்று சொல்ல வேண்டாம், அழைக்க வந்தோம் என்று சொல்லுங்கள். அவருக்கு அந்த வேறுபாடு தெரியும். என் வீட்டின் மாடியறை அவருக்குத் தயாராக இருக்கும். ஹில்ட்ரூட்டிடம் மெத்தையை வெயிலில் போடச் சொல்லுங்கள். என்மேல் பயமிருந்தாலும் மெத்தைக்காக அவள் செய்வாள்.

நீக்கப்பட்ட என் பெயரை வீசன்ப்ரூக்கில் மறுபடி சேர்க்க வேண்டும். நான் நீங்கினால் இந்த ஊரின் எண்ணிக்கை குறையும், அதனால் இது ஊராக நீடிக்காமல் போகலாம் என்பதை அறிவேன். அறிந்தே கேட்கிறேன். கேட்பதற்கு எனக்கு மனம் வலிக்கிறது.

வருகிறவர்கள் பனி விழுமுன் வர வேண்டும். பகலில் வரட்டும். வளைவுகளில் ஹார்ன் அடித்துக்கொண்டும், தெருவில் உரக்கப் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வரட்டும். வெண்டலின் வந்தால் பாடச் சொல்லுங்கள். ஜன்னல்களில் யாராவது தெரிந்தால் கையசைத்துவிட்டு நிற்காமல் மேலே வாருங்கள்.

தாங்களே வர இயன்றால் பேருதவி. அப்போது என்னைக் கண்டதும் கிட்டே வந்துவிட வேண்டாம். முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் தடவையில் நான் திரும்பாவிட்டால், மறுபடியும் கூப்பிடுங்கள்.

வீசன்ப்ரூக்காரி என்றே கையெழுத்திடும்,

ரோஸ்விதா கெட்லர்

இடம்: ரொக்காமொரேனா
நாள்: நவம்பர் 14